நிக்கத் தெரிஞ்ச எஞ்சின்

“…அதுவும் இல்லாம, கயிறு இழுத்துக் கிளப்புறது சின்னப் பிள்ளைகள்ர வேலை மச்சான். நாங்க ஹேண்டில் போட்டுச் சுத்தி வளந்த ஆக்கள். டீசலையே எடுப்போம்,” என்று மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னது என்னைப் பார்த்து. கேட்க வேண்டியவர் கடைக்காரர். கடைக்காரர் எடுத்துக் குடுத்த இரும்பு ஹேண்டில் மச்சானின் வலது கையில் இருந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புத்தளம் டவுனில், கொழும்பு ரோட்டுப் பக்கம் ஒரு எஞ்சின் கடை. தரையில் வரிசையாக எஞ்சின்கள் இருந்தன. பொலித்தீன் கழட்டாதது பாதி, கழட்டித் துடைத்து வைத்தது பாதி. எங்களுக்கு முன்னால் இரண்டு. ஒன்று கயிறு இழுத்துக் கிளப்புகிற சிவப்பு நிறப் பெற்றோல் எஞ்சின், ஒரு ஆள் இடுப்பில் தூக்கி வைக்கக்கூடிய அளவு. மற்றது சாம்பல் நிற டீசல், பக்கத்தில் அம்மிக்கல் போல ஒரு பெரிய பாரச் சக்கரம். இரண்டும் ஒரே வேலைக்குப் போதும். தென்னை மட்டை அரைக்கிற எங்கள் மெசினுக்குப் புது எஞ்சின் வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மச்சான் என்றால் என் தாத்தாவின் புருசன்; அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. வெளியூர் ஆக்கள் கேட்டுவிட்டுக் கிழவனைத் தேடுவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். தாத்தாவும் மச்சானும் நுரைச்சோலைப் பக்கம் மணல் காணியில் வெங்காயம் செய்தவர்கள். அந்த மணலில் வெங்காயம் என்றால் காலையும் பின்னேரமும் தண்ணி இறைக்க வேண்டும். தண்ணி என்றால் மண்ணெண்ணெய்ப் பம்ப். அந்தக் காலத்துப் பம்புக்கு இரண்டு தொட்டி. சின்னத் தொட்டியில் பெற்றோல், பெரிய தொட்டியில் மண்ணெண்ணெய். பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் சூடாகிச் சத்தம் இறங்கி ஒரே சீராக வந்ததும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எந்த நேரத்தில் திருப்புவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, காதுதான் சொல்லும். மச்சானுடைய காது அந்தப் பக்கத்திலேயே பேர்போனது. பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் சொல்வார், “உங்கட மச்சான் வந்து கிட்ட நிண்டாலே என்ட பம்புக்கு வெட்கம் வந்து கிளம்பிருது” என்று. இப்படி ஆக்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதை நான் விடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் இந்த மாதிரிச் சனங்களின் வாயில் இருந்து பொறுக்கியதுதான்.

பிறகு ஒரு நாள் விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது மச்சானின் கையில் இருந்து கோப்பை விழுந்தது. கோப்பை வழுக்கிவிட்டது என்று நினைத்துத் தாத்தா சிரித்திருக்கிறா. அவர் திருப்பிச் சிரித்தபோது வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அல்லாஹ் கிருபையால் கால் வந்தது, பேச்சு வந்தது, வாயும் நேராகிவிட்டது. கையும் வந்தது. ஆனால் வந்த கை பழைய கை இல்லை.

அதை விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். அந்தக் கைக்குப் பலம் இல்லை என்று சொல்ல முடியாது, பிடிக்கும். நல்லாகவே பிடிக்கும். விடத்தான் அதற்குத் தெரியாது. களைத்த நேரம், அவசரப்பட்ட நேரம், நாலு பேர் பார்க்கிற நேரம், பிடித்ததை அது விடாது. வாளியைப் பிடித்தால் வாளி, கதவைப் பிடித்தால் கதவு. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்குடுத்த மிஸ் ஒருத்தி தாத்தாவுக்கு வழி காட்டியிருந்தா. விரலை இழுக்கக் கூடாது, இழுத்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டை உள்ளுக்கு மடித்து, பெருவிரலை முதலில் வெளியே எடுக்க வேண்டும், மற்ற நாலும் தன்பாட்டில் வரும். தாத்தா அதைக் காலையில் எண்ணெய் போட்டுச் செய்வா. அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. பிள்ளைகள் முன்னாலும் செய்ய மச்சான் விடமாட்டார். நான் ஒருநாள் தெரியாமல் கதவைத் திறந்து பார்த்துவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெங்காயக் காணியைக் குத்தகைக்குக் குடுத்துவிட்டார்கள். மச்சான் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். அங்கே இருந்து பார்த்தால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். நான் போய் “என்ன மச்சான் செய்றீங்க?” என்று கேட்டால், “புகை வருதா இல்லையா எண்டு பாக்குற உத்தியோகம் கிடைச்சிருக்கு, சம்பளம்தான் இன்னும் வரல்ல” என்பார். முதலில் சிரித்தேன். அதே பகிடியைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினார். ஒரு நாள் அதையும் சொல்லவில்லை. சும்மா இருந்தார். தாத்தா என்னைக் குசினிக்கு, அடுப்புப் பக்கம் கூப்பிட்டு, “தம்பி, இந்த மனுசன் கதிரையில இருந்துக்கிட்டே போய்ச் சேந்துருவாரு. என்னமாச்சும் வேலை ஒண்டு பாருடா” என்றா.

அந்த நேரம்தான் மட்டை மெசின் வந்தது. முந்தல் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் வெள்ளை ஈ விழுந்து ஓலை எல்லாம் கரி பூசின மாதிரிக் கறுத்துப்போயிருந்த காலம். வெட்டி விழுத்தின ஓலையும் மட்டையும் மரத்துக்கு மரம் குவிந்து கிடந்தது. எரித்தால் பக்கத்து மரத்துக்கும் சூடு. அரைத்து மரத்தின் அடியில் வட்டமாகப் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும், மண்ணுக்கும் சாப்பாடு. தோட்டக்காரர்கள் அதற்கு ஆள் தேடினார்கள். என்னிடம் லேண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெசின் ஒன்றும் அதில் கொழுவி இழுக்கிற பெட்டியும் இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற ஒருவரிடம் இருந்து பழைய அரைக்கிற மெசின் ஒன்றை வாங்கிப் பெட்டியில் ஏற்றிவந்து தாத்தா வீட்டு முற்றத்தில் இறக்கினேன். பெற்றோல் எஞ்சின் பூட்டினது. மச்சான் கதிரையில் இருந்து எழும்பி வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து மணந்து பார்த்தார். “ஆரு இதைக் கவனிச்சவன்? நல்லா அடிக்கணும் அவனுக்கு” என்று சொல்லிக்கொண்டே பிளக்கைக் கழட்டித் துடைக்கத் தொடங்கினார். தாத்தா குசினி வாசலில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தது எனக்குத் தெரியும்.

வேலை தொடங்கினோம். மட்டை இழுத்து வருவதும் அரைத்ததைப் பரப்புவதும் நான். மெசினுக்குத் தீனி போடுவது மச்சான். அது சும்மா வேலை இல்லை. மட்டையின் தடித்த அடிப்பக்கத்தை முதலில் வாயில் வைக்க வேண்டும். உள்ளே இருக்கிற கத்தித் தட்டு அதைக் கவ்வி இழுக்கும். ஓலைப் பக்கத்தைப் பிடித்துக் கொஞ்சம் தாங்கிக் குடுத்து, இழுக்கத் தொடங்கியதும் விட்டுவிட வேண்டும். அப்போது அதை யோசிக்கவில்லை. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி மண்ணெண்ணெய்க் கதைக்கு வருகிறேன். இது எங்கள் பக்கத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. வாழ்க்கை முழுக்கப் பம்பு இறைத்தவருக்குப் பெற்றோல் என்றால் எழுப்புகிறதுக்கு, வேலை செய்கிறதுக்கு மண்ணெண்ணெய். “காலைத் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு ஒருத்தன் பகல் முழுக்க மண்வெட்டி பிடிப்பானா? எஞ்சினுக்கும் சோறு வேணும்” என்பார். மெசினில் ஒரே ஒரு தொட்டிதான் இருந்தது. ஒரு வாரத்துக்குள் இரண்டாவது தொட்டி ஒன்று முளைத்துவிட்டது. வெறும் நெக்டோ சோடாப் போத்தல் ஒன்று, ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் ஒரு துண்டு, பழைய பம்பில் இருந்து கழட்டின பித்தளைக் குழாய்த் திருகு ஒன்று. எஞ்சின் சூடானதும் காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு திருகைத் திருப்புவார். திருப்பிவிட்டு என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதில் பழைய ஆள் அப்படியே நிற்பார். நான் எப்படி வேண்டாம் என்று சொல்ல?

அந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்குச் செய்தது இல்லை. பம்பு எஞ்சின் வேறு, இது வேறு. புகைத்தது. உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம் வந்தது. தடித்த மட்டை போட்டால் திணறியது. “புதுச் சாப்பாடு, பழகிக்கும்” என்றார் மச்சான்.

முந்தலுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு தோட்டம். நல்ல மத்தியானம். அவர் மெசினுக்கு முன்னால், நான் கொஞ்சத் தூரத்தில் ஓலை இழுத்துக்கொண்டு வாறேன். பச்சை மட்டை ஒன்றை வாயில் வைத்தார். தட்டு கவ்வியது. ஓலை நகர்ந்தது. ஓலையோடு மச்சானும் நகர்ந்தார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் கண்டேன், இடது கையால் மெசினின் தகரத்தைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளுகிறார், வலது கை முன்னுக்குப் போகிறது. இரண்டு கையும் இரண்டு ஆளுடையது மாதிரி. அவர் தன் வலது கையை யாரோ தெரியாத ஆளின் கையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவும் இல்லை. நான் கத்தினேன். மெசின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஓடினேன். மணலில் ஓடுவது கனவில் ஓடுவது மாதிரித்தான்.

எஞ்சின் ஒரு இருமல் இருமியது. இன்னொன்று இருமியது. நின்றுவிட்டது. தடித்த மட்டை தட்டில் இறுகிக்கொண்டது. அவர் கை மெசின் வாயின் விளிம்பில் நின்றது.

நான் கிட்டப் போவதற்குள் மச்சான் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார். தோள் அசைவது தெரிந்தது. இடது கையால் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். திரும்பியபோது இரண்டு கையும் வெறுங்கை. “ஓலை சுத்திக்கிட்டு” என்றார். பிறகு, “என்னடா முகம் இப்படிப் போயிருக்கு? தண்ணியைக் குடி” என்றார். எனக்கு.

எஞ்சின் அதற்குப் பிறகு கிளம்பவில்லை. முந்தல் சந்தியில் ஒரு மெக்கானிக் திறந்து பார்த்தார். அடியில் இருந்த எண்ணெயை விரலில் தொட்டு மணந்தார். “இது எஞ்சின் ஒயிலா, விளக்கெரிக்கிறதா? ஆரு இந்த மருந்து குடுத்தது?” என்றார். மண்ணெண்ணெய் உள்ளுக்கு இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கி, பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. மச்சான் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, “பெற்றோல் எஞ்சினுக்கு ஆயுசு அவ்வளவுதான்” என்றார். அந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே தாத்தாவிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தாத்தா அரிசி புடைத்துக்கொண்டு இருந்தா. சுளகைக் கீழே வைத்தா. பிறகு, “அந்த மெசின் மௌத்தானதுக்கு நான் ரெண்டு ரக்அத் தொழணும்” என்றா. மெசின் செத்ததுக்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லித் தொழுதா. அடுத்த வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு ஆக்கிப் பள்ளிவாசலுக்கு அனுப்பினா. மச்சான், “என்ன விசேஷம்?” என்று கேட்டதற்கு, “ஒரு பலாய், பெரிய ஆபத்து ஒண்டு போச்சு” என்றா. அவர் மெசினைத்தான் சொல்லுகிறா என்று நினைத்து, “அப்படிச் சொல்லாத, நல்லா உழைச்ச மெசின்” என்றார்.

“இனி விட்டுருவோமே தாத்தா. லேண்ட்மாஸ்டரோட நான் தனியப் பாத்துக்கிறேன்” என்றேன். முற்றத்தை நோக்கிக் கண்ணைக் காட்டினா. கதிரை திரும்பவும் பழைய இடத்துக்கு வந்திருந்தது. மச்சான் அதில் இருந்து புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை போனாலும் மனுசன் போனாலும் எனக்கு ரெண்டும் ஒண்டுதான்,” என்றா தாத்தா. “எஞ்சின் எடுங்க. ஆனா டீசல் வேணாம். டீசல் நிக்காதாம் எண்டு அவரே பெருமையாச் சொல்றாரு. நிக்கத் தெரிஞ்ச எஞ்சினாப் பாத்து எடுத்துட்டு வா தம்பி.”

நான் எத்தனையோ பேரின் பேச்சைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். இதைப் போல ஒன்று என் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றதில்லை.

தீனி போடுகிற இடத்தை மாற்றிக்கொள்ளவும் பார்த்தேன். “மச்சான், இனி நான் போடுறேன், நீங்க பரப்புங்களேன். எனக்கு முதுகு நோவு, இழுக்க ஏலாது” என்றேன். “முதுகு நோவுக்காரன் மட்டை தூக்கிப் போடுறதா? நீ போட்டா மெசின் அழும்டா” என்றார். பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை.

டீசல்தான் என்று அவர் பிடித்த பிடி, அதுவும் அந்தக் கை பிடிக்கிற பிடி மாதிரித்தான். பஸ்ஸில் முன்சீட்டு ஆளுக்கெல்லாம் டீசலின் அருமை பெருமை சொல்லிக்கொண்டு வந்தார். உப்பளம் கடந்து டவுன் வருகிற வரைக்கும் நிறுத்தவில்லை. உப்புக் காற்றுக்குப் பெற்றோல் எஞ்சின் தாங்காது, பிளக் பச்சை பிடிக்கும். டீசலுக்குப் பிளக்கே இல்லை. பெற்றோல் கொஞ்ச நாள் ஓடாமல் வைத்தால் காபரேட்டர் அடைத்துக்கொள்ளும். டீசல் மாசக்கணக்கில் சும்மா கிடந்தாலும் கோவிக்காது. எல்லாம் உண்மை. அதுதான் என் கஷ்டம். அவர் சொன்ன ஒன்றுகூடப் பொய் இல்லை.

கடைக்காரர் சிங்களவர். தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி மச்சானை நானா என்று கூப்பிட்டு, ஸ்டூலைத் துடைத்துக் குடுத்து, இரண்டையும் ஒரே தராசில் வைத்துத்தான் சொன்னார்.

“பெற்றோல் அடிக்கடி கோவிக்கும் நானா, ஆனா உடனே சமாதானம் ஆகும். டீசல் லேசில கோவிக்காது. கோவிச்சா வீட்டை விட்டே போயிரும், பெரிய மெக்கானிக் பாஸ் ஆளைக் கூப்பிடணும்.”

மச்சானுக்கு அந்தப் பேச்சுப் பிடித்துப்போனது. “அப்ப மட்டைக்கு எது?”

“மட்டைக்கு எண்டா… ஹரி, சரி, உள்ளதைச் சொல்றேன். தடிச்சது போட்டா பெற்றோல் திணறும். கூடப் போட்டா நிண்டுடும். டீசலுக்கு அந்தப் பேச்சே இல்ல. இந்தச் சக்கரத்தைப் பாருங்க. இது சுத்தத் தொடங்கினா வாயில போட்டதைத் துப்பாது. அடிமட்டையோ வேலிக் கிளிசரியாத் தடியோ, என்ன போனாலும் உள்ளுக்கு இழுத்துரும்.”

“கேட்டியா?” என்றார் மச்சான் என்னிடம்.

கேட்டேன். எனக்குக் கேட்டது வேறு.

“நிப்பாட்டுறது எப்படி?” என்றேன். “அவசரத்துக்கு எண்டா?”

“பெற்றோலுக்குச் சுவிட்ச் ஒண்டு. தட்டினா நெருப்பு அறுந்துடும். கத்தித் தட்டு கொஞ்சம் சுத்தித்தான் நிக்கும், ஆனா இழுக்குற பலம் போயிரும். டீசலுக்கு இந்த லீவரை இழுத்துப் பிடிக்கணும். சக்கரம் பாரம்தானே, தன்பாட்டுல ஓடி ஓடித்தான் நிக்கும். ஏன், யாருக்கு அவ்வளவு அவசரம்?” என்று சிரித்தார்.

மச்சான் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். தாத்தா என்னிடம் பேசியதும், நான் தாத்தாவிடம் சொன்னதும், முதுகு நோவும், நெய்ச்சோறும், எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவருக்கு வரிசையாக விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். நான் தரையைப் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால், சிவப்பு எஞ்சின் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அதுவும் கை கிடைத்தால் கையை அரைக்கத்தான் செய்யும். அன்றைக்கு நின்றது மண்ணெண்ணெய் குடித்துச் சாகக் கிடந்த எஞ்சின். புதுசு ஒன்று, நல்ல பெற்றோலில் ஓடுகிறது, அந்த நேரத்துக்கு நிற்குமா? திணறி நிற்கிறதுக்கும் கை போகிறதுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? சுவிட்சைத் தட்ட யார் பக்கத்தில் நிற்பது? இதையெல்லாம் அந்தக் கடைக்காரரிடம் கேட்க முடியாது. மச்சானிடம் கேட்கத்தான் வேண்டும். கேட்க எனக்கு வாய் வரவில்லை, இவ்வளவு பேசுகிற எனக்கு.

“ஆரு கிளப்புறது, நீங்களா தம்பியா?” என்று கேட்டபடி கடைக்காரர் டீசலின் ஹேண்டிலை எடுத்து மச்சானின் கையில் குடுத்தார்.

அப்போதுதான் மச்சான், நான் முதலில் சொன்ன அந்தப் பேச்சைத் தொடங்கினார். டீசல் எடுத்தால் பிள்ளைகள் காலத்துக்கும் உழைக்கும் என்றார். அதுவும் இல்லாம, கயிறு இழுப்பது சின்னப் பிள்ளைகள் வேலை என்றார். நாங்கள் ஹேண்டில் போட்டுச் சுற்றி வளர்ந்த ஆக்கள் என்றார். சொல்லி முடித்ததும் குனிந்து ஹேண்டிலை எஞ்சினில் மாட்டினார்.

டீசலைக் கையால் கிளப்புவது இப்படி. இடது கையால் மேலே இருக்கிற இன்னொரு சின்ன லீவரைத் தூக்கிப் பிடித்தால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும். வலது கையால் சுற்றிச் சுற்றி வேகம் எடுத்ததும் லீவரை விட வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடித்த உடனே ஹேண்டிலைச் சட்டென்று உருவி எடுக்க வேண்டும். உருவாவிட்டால் ஹேண்டில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். பிடித்திருக்கிற கையும்தான்.

சுற்றினார். பாரச் சக்கரம் மெல்ல அசைந்தது. இன்னொரு சுற்று. நல்லாகச் சுற்றினார், அழகாகச் சுற்றினார், தோளில் இருந்து பலம் குடுத்து. “ஆ, நானாவுக்குப் பழக்கம்” என்றார் கடைக்காரர். சக்கரம் வேகம் எடுத்தது. இப்போது லீவரை விட வேண்டும். அந்தச் சத்தம் எனக்கே தெரிந்தது, அவர் காதுக்குத் தெரியாமல் இருக்காது.

அவர் லீவரை விடவில்லை.

சக்கரம் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. நின்றது. மச்சான் ஹேண்டிலை உருவி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். நெற்றியில் வியர்வை.

“நல்லா வந்தது, விட்டிருக்கலாமே. தாங்க, நான் கிளப்பிக் காட்டுறேன்” என்று கடைக்காரர் கையை நீட்டினார். ஹேண்டிலின் மறு நுனியைப் பிடித்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. பகிடி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இழுத்தார். “விடுங்களேன் நானா, கடையை எடுத்துட்டா ஓடப் போறேன்?”

கடையில் இன்னும் ஆக்கள் நின்றார்கள். ஒருவர் பெல்ட் வாங்க வந்தவர், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மச்சானின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. இடது கை எழும்பி வந்தது, பாதியில் நின்றது. அவர் முதுகைக் காட்டித் திரும்பப் போகிறார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். திரும்ப இடம் இல்லை. எல்லாப் பக்கமும் எஞ்சின்கள்.

“மச்சான்” என்றார். மெதுவாக. என்னைத்தான்.

என் பக்கம் கையை நீட்டினார், ஹேண்டிலோடு சேர்த்து, எல்லாரும் பார்க்க.

கடைக்காரர் பிடியை விட்டுப் பின்னுக்குப் போனார். நான் இரண்டு கையாலும் அவர் கையை வாங்கினேன். மணிக்கட்டை உள்ளுக்கு மடித்தேன். பெருவிரலை முதலில் எடுத்தேன். மற்ற நாலும் ஒவ்வொன்றாக வந்தன. இரும்பு ஹேண்டில் என் உள்ளங்கைக்குள் இறங்கியது. சூடாக இருந்தது. அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. கடைசி விரல் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சாரத்தை ஒதுக்கிக்கொண்டு சிவப்பு எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தினார். இடது கையால் அதைத் தடவிப் பார்த்தார். கயிற்றைத் தொடவில்லை. நிப்பாட்டுகிற சுவிட்சைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம்.